ஏழுமலையின் காலுக்குள் இருந்த தகடு

திருவண்ணாமலைக்கு எல்லாரும் சாமி பார்க்கப் போவார்கள். நான் ஒரு மனிதனின் தொடை எலும்பைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிரிவலத்துக்கு வந்தேன்னு சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினாள். அவள் ஊரில் அதற்கு மல்லாட்டை என்று பெயராம். எங்கள் பினாங்கில் கச்சாங் என்போம். பெயர் எதுவானால் என்ன, பசிக்கு நன்றாகத்தான் இருந்தது.

செஞ்சியைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. "பெல்ட்டு கட் ஆயிடுச்சி. எல்லாரும் எறங்குங்க, பின்னாடி வர்ற வண்டியில ஏத்தி வுடறேன்" என்றார் கண்டக்டர். பின்னால் வந்த வண்டிகளிலோ ஏற்கெனவே ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே இந்தக் கூட்டம். எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் இப்படி ஊர் திணறும். இவர்களுக்கு மாதா மாதம் தைப்பூசம்.

காத்திருந்த நேரத்தில் அறுந்த பெல்ட்டைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். டிரைவர் முறைத்தார். என்ன செய்வது, உடைந்ததையும் அறுந்ததையும் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. என் பிழைப்பே அதுதான். எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைத்துத் திருகுகிற டைட்டானியத் தகடுகளை லேசரால் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில், உடைந்து வருவது ஏன் உடைந்தது என்று பார்த்துச் சொல்பவள் நான்.

அந்த அச்சடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எதற்கு அங்கே போனேன் என்று புரியாது. கோலமாவை விட நைசான டைட்டானியப் பொடியை மெல்லிசாகப் பரப்புவார்கள். லேசர் அதன்மேல் கோடு கோடாக ஓடி உருக்கும். உருகியது கண்மூடித் திறப்பதற்குள் உறைந்துவிடும். அதன்மேல் இன்னொரு அடுக்குப் பொடி, மறுபடி லேசர். உலோகம் உறையும்போது சின்னச் சின்ன மணிகளாகத்தான் உறையும். மேலே புதிதாக உருகியது கீழே உறைந்த மணியைப் பிடித்துக்கொண்டு அதே போக்கில் வளரும். லேசரை அடுக்குக்கு அடுக்கு வேறு திசையில் ஓடவிட்டால் அந்த வளர்ச்சி கலைந்து மணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரே திசையில் ஓட்டினால் கீழேயிருந்து மேல்வரை நெட்டுக்குத்தாக, கத்தை கத்தையாக வளர்ந்து நிற்கும். ஒரு தொகுதித் தகடுகளை வேகம் கருதி அப்படி ஒரே திசையில் ஓட்டி எடுத்துவிட்டார்கள்.

சரி, பரிசோதனையில் அகப்பட்டிருக்க வேண்டாமா? அங்கேதான் எங்கள் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. தகடுகளோடு சேர்த்து, இழுத்துப் பார்ப்பதற்காகச் சில குச்சிகளையும் அதே மேடையில் அச்சடிப்பார்கள். தகடுகளைப் படுக்கவைத்தார்கள். குச்சியையும் படுக்கவைத்தால் இடம் பிடிக்குமே என்று மூலையில் நிற்கவைத்தார்கள். வாழைமட்டையை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அறுக்க முடியாது. குறுக்கே பிரித்தால் நார் நாராக வந்துவிடும். குச்சியில் மணிகள் நீளவாக்கில் நின்றன, அசையவில்லை. தகட்டில் அதே மணிகள் குறுக்கே நின்றன. சோதனை செய்தவன் பொய் எழுதவில்லை, ஆனால் சோதித்தது வேறு, விற்றது வேறு.

அந்தத் தகடு ஒன்று ஈப்போவில் ஓர் அம்மாவின் காலுக்குள் உடைந்தது. படியிறங்கினாள், அவ்வளவுதான். உடைந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், மணிகளின் ஓரமாகவே பிளந்துகொண்டு போயிருந்தது. மற்றத் தகடுகளைத் தேடித் தேடி எடுத்துவிட்டோம். மிச்சமிருந்தது ஒன்று. பினாங்கில் கிடங்கு வேலைக்கு வந்து, லாரி மோதித் தொடை நொறுங்கி, எங்கள் தகட்டோடு ஊர் திரும்பிய ஏழுமலை. கீழ்பென்னாத்தூர்க்காரர். பழைய போன் எண் வேலை செய்யவில்லை. தமிழ் பேசுகிறவள் என்று என்னைப் பிடித்து அனுப்பினார்கள். "முதலில் எக்ஸ்ரே எடு. அதற்கு முன்னால் உடைந்தது, பிளந்தது என்று வாய் விடாதே" என்றார் மேனேஜர். எனக்கும் அது சரியென்றே பட்டது. கையில் படம் இருந்தால் பேசுவது சுலபம் என்று நினைத்தேன்.

ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஓர் அறையில் தங்கினேன். கீழே இருந்த கடையில் வெள்ளைக்காரர்கள் பூசணிக்காய் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த மலை என்னைக் கூப்பிட்டது" என்று ஒருத்தி தன் ஊர் ஆங்கிலத்தில் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னையும் கூப்பிட்டது, ஆனால் வயிறு சரியில்லை" என்றாள் மற்றவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதிர்ச்சாரியில் இருந்த ஓட்டலுக்குப் போய்ப் பூரி சாப்பிட்டேன். மசாலில் உப்பு ஜாஸ்தி. டீயை மட்டும் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஊரில் நுரை பொங்க இழுத்து ஆற்றும் தே தாரிக்குக்கு அக்கா தங்கை முறை சொல்லலாம்.

மறுநாள் கீழ்பென்னாத்தூர். டீக்கடையில் ஏழுமலை என்றால் எந்த ஏழுமலை என்று கேட்டார்கள். காலை உடைத்துக்கொண்டவர் என்றதும், "மலேசியா ஏழுமலையா? அத மொதல்லயே சொல்றதுக்கின்னா" என்று ஒருவர் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். லோடு வண்டி ஓட்டுகிறார். மல்லாட்டை மூட்டை, சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும். நான் பினாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது, தகட்டுக் கம்பெனி என்றதும் சுருங்கியது.

"அத்த திருப்பிக் கேக்கறீங்களா மேடம்? அது காலுக்குள்ள கீதே, எப்டிக் குடுக்கறது?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி கலா காப்பி டம்ளரை நீட்டியபடியே, "அவருக்கு அதுதாங்க பயம். காசு குடுத்து வச்சதில்ல பாருங்க, அங்க முதலாளி வச்சி அனுப்புனது. என்னிக்காவது வந்து கேப்பாங்கன்னே சொல்வாரு" என்றாள்.

"யாரும் எதையும் கேட்க வரவில்லை தம்பி. சும்மா ஒரு செக்கப். செலவு எங்களுடையது. வலி ஏதாவது இருக்கிறதா?"

"வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." கேட்ட வேகத்திலேயே பதில் வந்தது. கலா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நடக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தார். "ஊருக்கு வந்ததுலருந்து மாசம் தவறாம மலை சுத்தறேங்க. வெறுங்காலு. எழுந்து நிப்பியான்னு கேட்டவங்க முன்னாடி நடந்து காட்றேன். அண்ணாமலையாரு குடுத்த காலுங்க இது" என்றார். எங்கள் லேசர் கொடுத்த கால் என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால், மாதம் தவறாமல். தகட்டுக்குள் குறுக்கே நின்ற மணிகளை நினைத்துக்கொண்டேன்.

"இந்த மாதமும் போகிறீர்களா?"

"பாக்கலாம்ங்க" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

அடுத்த நாள் டவுனில் எக்ஸ்ரே எடுத்தோம். கலாவும் வந்திருந்தாள், கல்யாணத்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு. படத்தை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவசரப்படவில்லை. "ஸ்க்ரூ எல்லாம் டைட்டா இருக்குது. ப்ளேட் சூப்பரா புடிச்சிருக்கு. எலும்புல கொஞ்சம் கேப் இருக்கு, அது மெதுவா சேர்ந்துக்கும். ஒண்ணும் பயமில்ல" என்றார்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பளிச்சென்று வெள்ளைத் தகடு. விரிசல் வாய் திறந்தால்தான் படத்தில் தெரியும், மணிகளின் ஓரத்தில் இருக்கிற மயிரிழை தெரியாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் படத்தை நம்பி வந்திருந்தேன், அதில் ஏதாவது இருக்கும் என்று. அதை விடக் கெட்ட சேதி, எலும்பு சேரவில்லை. அப்படியென்றால் உடம்புப் பாரம் முழுக்க அந்தத் தகட்டின் மேல்.

பக்கத்து ஓட்டலில் மூன்று பேரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரசம் வரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு மேனேஜராவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஈப்போ அம்மாவைச் சொன்னேன். இலையின் ஓரத்து நரம்பைக் கிழித்துக் காட்டி, எந்தப் பக்கம் இழுத்தால் வரும், எந்தப் பக்கம் வராது என்று காட்டினேன். ஏழுமலை அக்கறையாகக் கேட்டார். நடுவில் பரிமாறுகிறவர் வந்து மோர் வேண்டுமா என்று கேட்டபோது எனக்கும் சேர்த்து அவரே வாங்கி வைத்தார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க மேடம். ஆனா படத்துல ஒண்ணும் இல்லியே?"

"படத்தில் தெரியாது தம்பி."

"அப்ப இன்னாத்துக்குங்க படம் எடுத்தோம்?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணால் காண்பதும் பொய் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் படத்தின் உறையை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பார் பட்டுவிடாமல் ஒரு கையால் மறைத்தபடி சாப்பிட்டார். "ஆபரேஷன் பண்ணி மாத்திடலாம், சம்பளம் போகிற நாட்களுக்கும் கம்பெனி தரும், அதுவரைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது, கிரிவலம் கூடவே கூடாது" என்றேன். "சரிங்க மேடம், போவலிங்க. நீங்க இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க" என்றார். மரியாதைக்குச் சொன்ன சரிக்கும் நிஜமான சரிக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே அந்த முதல் வகைச் சரியைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்து, சென்னையில் ஆபரேஷனுக்குப் பேசிவிட்டு, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் பௌர்ணமி. காலையில் பசியாற உட்கார்ந்திருந்தேன். தட்டில் பொங்கலும் வடையும். வெளியே ரோடு முழுக்க ஜனம். பக்கத்து மேஜையில் ஆந்திராக்காரக் குடும்பம் ஒன்று தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. "உன் அம்மாவை ஆட்டோவில் சுற்றவைக்கலாம் என்று நான் அப்போதே சொன்னேன்", "ஆட்டோவில் சுற்றினால் புண்ணியம் அவளுக்கா ஆட்டோக்காரனுக்கா?" என்கிற மாதிரி. போன் அடித்தது. கலா.

"அம்மா, அவரு கெளம்பிட்டாருமா. விடியக்காலமே போயிட்டாரு. குச்சிய வூட்லயே வச்சிட்டுப் பூட்டாரு. போனு எடுக்க மாட்றாரு."

பொங்கலை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். ஆட்டோவை அந்தப் பாதையில் விடவில்லை. போலீஸ்காரரிடம் கெஞ்சினேன், "நடந்து போங்கம்மா, எல்லாரும் நடக்கத்தான வந்துருக்காங்க" என்றார். நடந்தேன். ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம், என் வயதுக்கும் எடைக்கும் அதற்குப் பெயர் ஓட்டம்தான். ஒவ்வொரு வெள்ளை வேட்டியையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "செருப்பக் கழட்டிட்டு நடங்கம்மா" என்று ஒருவர் புத்தி சொன்னார். அவரை நான் திட்டிய திட்டை எழுத முடியாது. மலையைப் பார்த்துக் கும்பிடுகிற கூட்டத்தில் நான் மட்டும் கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பாதையில் அடி அண்ணாமலை என்கிற ஊரில், எலுமிச்சை சோடாக் கடை முன்னால் ஆட்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஏழுமலை தார் ரோட்டில் கிடந்தார். தொடை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. யாரோ தலைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "டக்குன்னு ஒரு சத்தங்க, பட்டாசுன்னு நெனச்சேன்" என்றார் சோடாக் கடைக்காரர்.

என்னைக் கண்டதும் ஏழுமலை கையைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. "படத்துல ஒண்ணும் இல்லன்னாங்களே மேடம்" என்றார். ஒரு தடவை அல்ல. வலி வரும்போதெல்லாம் அதையே சொன்னார்.

ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் வர முடியவில்லை. அன்னதானப் பந்தலில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்து வந்து, அதில் அவரைக் கிடத்தி, ஆளுக்கொரு மூலையாகத் தூக்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள். பேனரில் அச்சடித்திருந்த யாரோ ஒரு பிரமுகரின் கும்பிட்ட கைகள் அவர் முதுகுக்குக் கீழே கசங்கின. "அரோகரா சொல்லிக்கினே தூக்குங்கப்பா, வழி வுடுவாங்க" என்றார் ஒருவர். உண்மைதான், வழி விட்டார்கள். ஆம்புலன்ஸ் நின்ற இடம் வரைக்கும் அரோகரா சொல்லிக்கொண்டே ஓடினோம். நானும் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே உடைந்த தகட்டின் முனை சதையைக் குத்திக் கிழித்து வைத்திருந்தது. மறுநாள் காலையில் சர்ஜன் வெளியே வந்து, காலைக் காப்பாற்றிவிட்டதாகவும், ஆனால் அது குட்டையாகத்தான் இருக்கும் என்றும், லோடு வண்டியை அவர் மறந்துவிடலாம் என்றும் சொன்னார். கலா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

தகட்டின் இரண்டு துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். நான் வராந்தாவில் ஜன்னல் ஓரமாகப் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அறுந்த பெல்ட்டைப் பார்த்த அதே கண், விட முடியவில்லை. நான் நினைத்தபடியேதான் இருந்தது. குறுக்கே, நேர்க்கோட்டில், மணிகளின் ஓரமாகப் பிளந்திருந்தது. பாதிக்கு மேல் பழைய விரிசல், கறுத்துப் போயிருந்தது. மாதக்கணக்காக உள்ளே பிளந்துகொண்டே வந்திருக்கிறது. நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. சரியாக இருந்ததற்காக என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கலா வந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு இட்லிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தாள். ஒன்றைப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

"வலி இல்லன்னு ஒங்ககிட்ட பொய் சொன்னாரும்மா. ஆபீசுக்காரங்க கால்ல கைய வச்சிடுவாங்கன்னு பயம். ரெண்டு மாசமா வலியில தூங்கறதே கெடையாது. இந்தப் பௌர்ணமிக்குப் போவலன்னு அவரே சொல்லிட்டாரு. சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, முடியல சாமி, அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லிட்டுக்கூட வந்துட்டாரு."

நான் இட்லியைத் தொடவில்லை.

"அப்பறந்தான் நீங்க வந்து படம் எடுத்தீங்க. ராத்திரி அத்த லைட்டுல புடிச்சிப் புடிச்சிப் பாத்தாரும்மா. எலும்பு நல்லாக்கீது, ப்ளேட்டு நல்லாக்கீது, அப்ப வலி என் பயந்தாண்டி, சாமிய ஏமாத்தப் பாத்தேன் பாருன்னாரு. வெடிஞ்சதும் கெளம்பிட்டாரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் பொட்டலத்தைப் பிரித்து, சட்னியை நடுவில் விட்டு, ஒரு வாய் எடுத்தாள்.

"சாப்டுங்கம்மா, ஆறிப் போவுது" என்றாள்.

சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.